உலகம்மாள் எழுதாத ஊர்

2024 ஜூலை 4, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பெண் இன்று வந்தாள். பெயர் பெனிட்டா. என்னுடைய ஒன்பது நாவல்களையும் வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாளாம். தலைப்பு: 'உலகம்மாள் நாவல்களில் ஆசிரியரின் வாழ்வும் வம்சமும்.' பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தத் தெருவில் என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் பட்டா மாறுதலுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் வருவார்கள். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த பாவம், ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் விடவில்லை. நாவலைப் பற்றிக் கேட்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு நாலு அடை சுட்டுப் போட்டேன்.

என் நாவல்களில் வரும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. உண்மையில் அவை எந்த ஊர்கள் என்று கேட்டாள். இருபத்து மூன்று ஊர். ஒன்று விடாமல் சொன்னேன். கதையில் வரும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்பது வரை சொன்னேன். அவள் கேட்டது கால்வாசிதான், மீதியை நானாகவே கொட்டினேன். எல்லாவற்றையும் கட்டம் போட்டு அட்டவணையாக எழுதிக்கொண்டு போனாள். எனக்கு இன்று முழுக்கச் சந்தோஷம். காஸ் தீர்ந்துபோனதைக்கூட ராத்திரிச் சமையலுக்குப் போகும்போதுதான் பார்த்தேன்.

ஜூலை 6, சனி

மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்க வாளியோடு போயிற்று.

ஜூலை 11, வியாழன்

பெனிட்டா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கேள்விகள் அவ்வளவு ருசியாக இல்லை.

"மேடம், ஒன்பது நாவல்ல ஏழுல ஒரு ஆள் வருது. பேரு இருக்காது. யாரோ வந்து வழி கேப்பாங்க, அந்த ஆள் கைய நீட்டி வழி சொல்லும். அதோட போயிரும். ஆனா அதுக்கு அடுத்த அத்தியாயத்துல யாராவது செத்துருவாங்க."

"கதையில வழி கேட்டா யாராவது சொல்லத்தானே வேணும்?" என்றேன். சிரித்தாள். விடவில்லை.

"நாலு நாவல்ல பதினேழு வயசுப் பொண்ணு காய்ச்சல்ல சாகுது மேடம்."

அது செண்பகம் அத்தை என்றேன். அப்பாவின் கடைசித் தங்கை. 1971 ஆனி மாதம் விஷக்காய்ச்சலில் போனாள். எனக்கு அப்போது எட்டு வயது. இப்போது அவள்தான் எங்கள் வீட்டுக் கன்னி. கல்யாணமாகாமல் செத்த பெண் பிள்ளையை எங்கள் பக்கம் வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை சோறும் பலகாரமும் படைத்துப் படப்பு போடுவோம். ஓலைப்பெட்டிக்குள் புதுப் பாவாடை தாவணியும் வளையலும் வைத்து மூடுவோம். போன வருடத்துத் துணியை எடுத்து வீட்டில் கல்யாணமாகாத பெண் உடுத்திக்கொள்வாள். எனக்குக் கல்யாணமாகிற வரைக்கும் நான் உடுத்தினேன். இப்போது அண்ணன் மகள் இந்துஜா உடுத்துகிறாள். இதையெல்லாம் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நாலு கதையிலயும் அந்தப் பொண்ணைக் கூடத்துல கிடத்தியிருக்கும்போது தலைமுடி ஈரமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

காபி ஆறுகிறது, குடி என்றேன்.

அவள் போன பிறகு நாலு புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். நாலிலும் ஈரம்தான். நான் கவனித்ததே இல்லை. காய்ச்சல்காரிக்குச் சூடு தணியத் தலையில் தண்ணீர் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்தது மனதில் தங்கியிருக்கும்.

ஜூலை 15, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக இந்துஜா வாசலில் நிற்கிறாள். கூட ஒரு பையன். அகிலன், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சனிக்கிழமை பதிவுத் திருமணம் செய்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் இந்தப் பையனின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவன் குடியிருக்கும் தெருவின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதிலிருந்தே விஷயம் எனக்குத் தெரியும்.

"அத்தை, அப்பா தேடுதாங்க. சத்தம் போட்டுத் தேடல, அதான் பயமா இருக்கு" என்றாள் இந்துஜா.

யோசிக்கவே இல்லை. வாடகைக் காரைப் பிடித்து இரண்டு பேரையும் புன்னைத்துறைக்குக் கூட்டிப்போனேன். கடற்கரையில் ரோஸ்லின் வீடு. என்னோடு படித்தவள், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், தனியாக இருக்கிறாள். அண்ணனுக்கு அவளைத் தெரியாது, அந்த ஊரையும் தெரியாது. அரிசி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு போர்வை, கொசுவத்தி எல்லாம் கட்டிக்கொண்டு போனேன்.

காரை விட்டு இறங்கியதும் இந்துஜா அந்த வீட்டையும் பின்னால் இருந்த கலங்கரை விளக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, இது உங்க ஆழிமங்கலம்லா? ஆறாவது நாவல்ல ஓடிப்போன பொண்ணு ஒளிஞ்சிருக்க ஊரு."

ஆமாம் என்றேன். கண்டுபிடித்துவிட்டாளே என்று பெருமையாக இருந்தது. அவள் அகிலனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பாயசத்துக்குப் பருப்பு எடுத்து வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். சொந்த ஊரில் அரிசி மில் வைத்திருக்கிறார். வரும்போதெல்லாம் கொண்டுவருகிற மாதிரி ஒரு சிப்பம் அரிசியும் பத்துத் தேங்காயும் டிரைவர் இறக்கி வைத்தான்.

ஆவுடையப்பன் என்ற பேருக்கு ஏற்ற சாந்தமான முகம் என் அண்ணனுக்கு. எழுபது வயதிலும் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"பிள்ள ஒங்கிட்டப் பேசினாளா உலகு?"

"இல்லண்ணே."

"சரி. பேசினா சொல்லு."

அவ்வளவுதான். பிறகு என் புத்தக அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். என்னுடைய ஒன்பது நாவலையும் பழுப்புத்தாள் அட்டை போட்டுத் தன் பீரோவில் வைத்திருக்கிற மனிதர். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் அவற்றைத் தொட்டதில்லை, இந்துஜாவைத் தவிர.

"ஒவ்வொண்ணையும் மூணு தடவ படிச்சிருக்கேன், தெரியும்லா?" என்றார். "நீ எதையும் சும்மா உண்டாக்கி எழுத மாட்ட. எல்லாம் நடந்ததுதான். எல்லாம் நெசமா உள்ள எடந்தான். பேரைத்தான் மாத்துவ."

"போங்கண்ணே" என்றேன். பாராட்டு மாதிரிதான் இருந்தது.

கார் போன பிறகு பார்த்தால் ஆழிமங்கலம் வருகிற ஆறாவது நாவல் அலமாரியில் கொஞ்சம் முன்னால் இழுத்த மாதிரி நின்றது. நான்தான் அன்றைக்கு எடுத்துவிட்டுச் சரியாக வைக்காமல் விட்டிருப்பேன்.

ஜூலை 23, செவ்வாய்

பகவதி மதினி போன் செய்தாள். அழவில்லை. பெற்ற பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் பத்து நாளாகிறது, அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி வெள்ளிக்குப் படப்பு. நீ வந்துரணும், ஒங்க அண்ணன் சொல்லச் சொன்னாவ. துணியெல்லாம் எடுத்தாச்சு. ரெண்டு செட்டு."

"எதுக்கு மதினி ரெண்டு?"

மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவிய எடுக்கச் சொன்னாவ. நான் கேக்கல."

வைத்துவிட்டாள். சாயம் போனால் மாற்றிக்கொள்ள இன்னொன்று இருக்கட்டும் என்று அண்ணன் நினைத்திருப்பார்.

இல்லை. அப்படி நினைத்திருக்க மாட்டார். கல்யாணமானவள் கன்னித்தெய்வம் ஆக முடியாது. ஆனால் அந்த வீட்டுக் கணக்கில் இந்துஜாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இந்துஜா நம்பருக்கு ஆறு தடவை போட்டேன், அணைத்து வைத்திருக்கிறாள். ரோஸ்லினைப் பிடித்தேன். "பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லட்டீ, நீ போன வை" என்றாள். அந்த ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

ஜூலை 24, புதன்

காலையிலிருந்து அடுப்பு பற்ற வைக்கவில்லை. எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன்.

செண்பகம் அத்தைக்குக் காய்ச்சல் வரவில்லை.

1971 ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் காணோம். பக்கத்து ஊர் நூல்நிலையத்தில் வேலை பார்த்த ஒருவருடன் பழக்கம் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் அப்பாவும் சித்தப்பாவும் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் முற்றத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எங்கதான் போயிருப்பா?" என்று அப்பா கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்று சொன்னேன்.

அந்த வீட்டில் அதுவரைக்கும் நான் சொல்லி யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு எல்லோரும் திரும்பினார்கள். அப்பா என் பக்கத்தில் வந்து குத்தவைத்து, என் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஸ்டெல்லா டீச்சர் வீடு. அத்தை என்னை ஒரு தடவை அங்கே கூட்டிப்போய் பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றிருந்தாள். நான் முன்னால் நடந்தேன். பச்சை ஜன்னல் வைத்த வீட்டைக் கை நீட்டிக் காட்டினேன்.

அத்தையைக் கூட்டிவந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சாயங்காலம் அவள் எனக்கு ரிப்பனை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியிருந்தது. காய்ச்சல் என்று சொன்னார்கள், நானும் காய்ச்சல் என்று சொன்னேன். நாலு நாவலிலும் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. கிணற்றடியைக் கழுவிவிட்டது அவர்தான்.

போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தேன். என்னை வளர்த்த அண்ணன் மேல் எப்படிப் போவது? துணி இரண்டு செட் எடுத்தது ஒரு குற்றமா என்று கேட்டால் என்ன சொல்ல? புன்னைத்துறை அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

ஜூலை 29, திங்கள்

காலை பத்து மணிக்குப் பெனிட்டா போன் செய்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேடம், நேத்து உங்க பூர்வீக வீட்டுக்குக் களஆய்வுக்குப் போயிருந்தேன். உங்க அண்ணன் எவ்வளவு நல்லவங்க! வடை பாயசத்தோட சாப்பாடு போட்டாங்க. உங்க நாவல் எல்லாத்தையும் மனப்பாடமா சொல்றாங்க. நம்ம ஊர் அட்டவணையைக் காட்டினேன், ஒரு காப்பி குடும்மான்னு கேட்டாங்க. ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்."

எந்த ஊரைப் பற்றியாவது தனியாகக் கேட்டாரா என்றேன்.

"ஆழிமங்கலம் எதுன்னு கேட்டாங்க. அங்க இப்ப யார் இருக்காங்கன்னும் கேட்டாங்க. உங்க தோழி ரோஸ்லின் டீச்சர்னு நீங்க சொன்னதைச் சொன்னேன். ஏன் மேடம்?"

அவளைத் திட்டவில்லை. அவள் என்ன செய்வாள்? சொன்னது நான். அடை சுட்டுப் போட்டு, கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொன்னது நான். எட்டு வயதில் வந்த புத்தி அறுபத்தோரு வயது வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து "சொல்லுங்க மேடம்" என்றாள், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இந்துஜா போன் அணைந்தே இருந்தது. ரோஸ்லின் எடுக்கவில்லை. மில்லுக்குப் போட்டேன். "மொதலாளி காலைலயே ரெண்டு வண்டியில கெளம்பிட்டாவ" என்றான் கணக்கப்பிள்ளை.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறேன், ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "நீங்க கதை எழுதுறவங்கதானேம்மா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பாவாடை தாவணி இரண்டு செட் எடுத்தார்கள் என்று நான் சொன்னதை அவள் எப்படி எழுதுவாள்? அதனால் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. தாளை வாங்கி நானே எழுதினேன். செண்பகம், வயது பதினேழு, 1971. என் தகப்பனார், என் சித்தப்பா. காய்ச்சல் இல்லை, கிணறு. கழுவியது என் அண்ணன் ஆவுடையப்பன். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது உலகம்மாளாகிய நான். கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்து மூன்று வருடத்தில் நான் எழுதியதில் பேர் மாற்றாமல் எழுதியது அந்த ஒரு பக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் படித்தாள். போனை எடுத்துக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பேசினாள்.

ஒன்றரை மணிக்கு ரோஸ்லின் கூப்பிட்டாள்.

"இப்பதான் போலீசு வந்துச்சுடீ. அதுக்கு முன்னாலயே ஒங்க அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரு. எட்டுப் பேரு. ஒவ்வொரு அறையா பாத்தாங்க, கட்டிலுக்கு அடியில பாத்தாங்க, தண்ணித் தொட்டியத் தொறந்து பாத்தாங்க. அவரு மட்டும் நாக்காலில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க டீச்சர்னு கும்பிட்டுட்டுப் போறாரு."

"பிள்ளைக?"

"அதுக இருபதாந் தேதியே போயிட்டுதுகடீ. எங்கேன்னு எனக்கும் தெரியாது. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அந்தப் பிள்ள எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருப்பாள்.

ஜூலை 31, புதன்

தெரியாத நம்பரிலிருந்து இந்துஜா.

"அத்தை, நல்லா இருக்கோம். நீங்க எழுதாத ஊர்ல இருக்கோம்."

எந்த ஊர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளே முந்திக்கொண்டாள்.

"கேக்காதீங்க அத்தை. அந்த வீட்டப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும், அப்பா வந்துருவாங்கன்னு. அவங்களும் நானும்தானே உங்களப் படிக்கோம். உங்க மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எப்படியும் எழுதிருவீங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று படப்புக்கு நான் போகவில்லை. இன்று மத்தியானம் அண்ணனே சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து, மகளையோ மருமகனையோ நெருங்க மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த 'மருமகன்' என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். பழைய சம்பவத்துக்கு வேறு சாட்சி இல்லை, பிணம் இல்லை, அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேர் நாங்கள்தான். விசாரிக்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறாள்.

"அப்பாவப் பத்தி எழுதிக் குடுத்துட்ட" என்றார். "சரி, போகட்டும். என் பிள்ள எங்க?"

"தெரியாதுண்ணே. சத்தியமா தெரியாது."

என் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம்தானே.

"தெரியாதுன்னு தெரியுது" என்றார். "ஆனா ஒரு நாள் தெரிய வரும். ஒனக்குத் தெரிஞ்சா நீ எழுதாம இருக்க மாட்ட உலகு. பேரை மாத்தி எழுதுவ. நான் படிச்சிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வாசலில் செருப்பு மாட்டும்போது பத்தாவது நாவல் எப்போது வரும் என்று கேட்டார். பொங்கலை நான் தொடவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

பதிப்பாளர் போன். புத்தகக் கண்காட்சிக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முதுகு வலி என்று காரணம் சொன்னேன்.

2025 பிப்ரவரி 12, புதன்

பெனிட்டா தன் ஆய்விலிருந்து அந்த அட்டவணையை எடுத்துவிட்டாளாம். ஆய்வின் உயிரே அதுதான் என்று அவளுடைய வழிகாட்டி கோபப்பட்டாராம். வந்து சொல்லிவிட்டு அழுதாள். காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன். வேறு எதுவும் பேசவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது நம்பர். இந்துஜா. பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறதாம். மூன்று கிலோ. அகிலன் சாயல் என்கிறாள்.

"அத்தை, சத்தத்தக் கேளுங்க" என்று போனைக் குழந்தையிடம் கொண்டுபோனாள். நல்ல கணீரென்ற அழுகை. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். அழுகைக்குப் பின்னால், வெளியே தெருவில் இருக்க வேண்டும், இன்னொரு சத்தம் வந்தது. அரை நிமிஷம்தான் வந்தது. அது வரும் ஊருக்கு ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை போய் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் வேறெங்கும் கிடையாது.

எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. உரை மருந்து கொடுக்கிறாயா என்று கேட்டேன், பிள்ளைக்குக் குளிர் காட்டாதே என்றேன். அவள் வைத்த பிறகும் ரொம்ப நேரம் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தேன். நாவலுக்கு ஆகிற ஊர். முதல் வரிகூட வந்துவிட்டது.

இந்த நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அண்ணன் மாதம் ஒரு தடவை வந்துபோகிறார், இன்னும் அரிசி கொண்டுவருகிறார். என்றைக்காவது இதை எடுத்து, இந்தப் பக்கத்தையும் மூன்று தடவை படிப்பார். படிக்கட்டும். அது என்ன சத்தம் என்று நான் எழுதப் போவதில்லை.